ஆமை விளக்கும் போடிமெட்டு இறக்கமும்

ஓடுகிற காரின் டாஷ்போர்டில் ஓர் ஆமைப் படம் எரிந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் போன மாதம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போடிமெட்டுக்கு முன்னால். காருக்குள் மூன்று பேர் — நான், என் சிநேகிதன் சிக்கந்தர், பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த அவன் மகள் ரிஸ்வானா. மூன்று பேரும் அந்த ஆமையையே பார்த்தோம்.

சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் என் கார் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்... உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்.

மாதம் பிறந்ததும் ஊரில் எல்லோரும் சம்பளம் ஏறிவிட்டதா என்று மொபைலைப் பார்ப்பார்கள். நான், போன மாதம் எந்தக் கம்பெனி எத்தனை கார் தயாரித்தது, எத்தனை விற்றது என்று பார்ப்பேன். எனக்கு எந்தக் கம்பெனியிலும் பங்கு கிடையாது. ஒரு டீலரும் எனக்கு டீ வாங்கித் தந்ததில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்த மாடல் பட்டியலில் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்குக் காப்பி கசக்கும். ஒரு மாடலின் தயாரிப்பையே நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் முகம் தொங்கிவிடும்.

"என்ன, யாரு போயிட்டா?" என்று என் மனைவி கேட்பாள்.

"செடான்" என்பேன்.

அவள் உள்ளே போய்விடுவாள். அம்பாசடர் நின்றபோது இரண்டு நாள் என்னோடு சேர்ந்து சோகமாக இருந்தவள்தான் அவள். எத்தனை தடவைதான் இருப்பாள், பாவம்!

எங்கள் போடியில் கார் விற்பனையைக் கணிக்க நிபுணர்கள் யாரும் தேவையில்லை. ஏலக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டால் போதும். காய் விலை ஏறினால் கொஞ்ச நாளில் தெருவுக்கு ஒரு புது வண்டி மாலையும் சந்தனமுமாக நிற்கும். ஷோரூமில் கேட்டால் "வெயிட்டிங் பீரியட் இருக்கு சார்" என்று நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். விலை இறங்கினால் அதே ஆட்கள் போன் போட்டு, "சும்மா வந்து ஒரு டெஸ்ட் டிரைவ் பண்ணிப் பாருங்க சார்" என்று கெஞ்சுவார்கள்.

என்ன கார் வாங்குகிறார்கள் என்கிறீர்களா? எல்லாம் உயரமான வண்டி. எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும் சன்ரூஃப். சித்திரை வெயிலில் போடியில் கூரையைத் திறந்து வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் — வடகம் காயப்போடவா? எனக்குப் பிடித்த சின்னக் கார்களை, அந்த எண்ணூறு சிசி இன்ஜினோடு ஒரு குடும்பத்தையே திருச்செந்தூர் வரை இழுத்துக்கொண்டு போன உத்தமமான வண்டிகளை, இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஊரில் யார் கார் வாங்குவதாக இருந்தாலும் முதலில் என்னிடம் வருவார்கள். நான் பெட்ரோலா டீசலா என்று ஆரம்பித்து, கிரவுண்ட் கிளியரன்ஸ், பூட் ஸ்பேஸ், ரீசேல் என்று ஒரு மணி நேரம் விளக்குவேன். கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு போய் மச்சினன் சொன்ன காரை வாங்குவார்கள்.

நான் சொன்னதை அப்படியே கேட்டு வாங்கிய ஒரே ஆள் சிக்கந்தர்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சிக்கந்தர் போடியில் ஏலக்காய் வியாபாரி. நானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்குப் போகிற வழியில் அவனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோரும், அதை ஒட்டி ஒரு சின்ன வீடும் உண்டு. அங்கே போய்வர ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருந்தான். அது மேடு ஏறினால் அடுத்த எஸ்டேட்டில் நாய் குரைக்கும். ஆனால் இறங்கும்போது ஒரு சத்தம் இருக்காது. ஏனென்றால் சிக்கந்தர் இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே கொடுக்க மாட்டான். நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து, கொண்டை ஊசி கொண்டை ஊசியாக உருட்டிக்கொண்டே வருவான்.

"மேட்டுல இருந்து முந்தல் வரைக்கும் ஒரு சொட்டு டீசல் குடிக்க விடமாட்டேன் மாப்ளே!" என்பான். மேடு என்பது போடிமெட்டு, முந்தல் என்பது மலையடிவாரம். இவன் மட்டுமில்லை, எங்கள் பக்கம் மலையில் ஜீப் ஓட்டிய பாதிப் பேர் அப்படித்தான். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். போர்டே வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டையும் நியூட்ரலில்தான் கடப்பார்கள்.

அந்த ஜீப்பை விற்கச் சொன்னது நான். எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொன்னதும் நான். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். முன்பொரு தடவை ஒரு மாடலைப் பாராட்டி எழுதிவிட்டு, "எவ்வளவு வாங்கினீங்க?" என்று உங்களில் சிலர் கேட்ட கேள்வி இன்னும் வலிக்கிறது.

"மலை ஏறும்போது சார்ஜை நல்லாக் குடிக்கும்ப்பா. ஆனா இறங்கும்போது அதுவே சார்ஜ் ஏத்திக்கும். சக்கரம் மோட்டாரைச் சுத்தும், மோட்டார் கரண்டை பேட்டரிக்கு அனுப்பும். பிரேக்கே அதிகமா மிதிக்க வேண்டாம்" என்று பாடம் எடுத்தேன்.

"எறங்கும்போது டேங்க்கு ரொம்புற வண்டியா? இதை நான் வெளியே சொன்னா எனக்கு மரை கழண்டு போச்சும்பாய்ங்க" என்று சிரித்தான். சிரித்தானே தவிர வாங்கிவிட்டான். நான் சொன்ன காரணத்துக்காக இல்லை... கலர் பிடித்திருந்ததாம். வெள்ளை!

இனி ரிஸ்வானா. சிக்கந்தரின் ஒரே மகள். டிகிரி முடித்துவிட்டு குரூப் டூ தேர்வுக்குப் படிக்கிறாள். போன தடவை நூலிழையில் தவறிவிட்டது. இதற்கு நடுவில் கம்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், கடை கண்ணி உள்ள பையன், உறவும்கூட. சிக்கந்தருக்கு விட மனசில்லை. மகளுக்குப் படிப்பை விட மனசில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது.

"இந்த ஒரு தடவை எழுது தாயி. கெடைச்சா சரி, கெடைக்கலைன்னா கம்பத்துக்கு சரின்னு சொல்லிருவேன். அப்பறம் என்கிட்ட அழக்கூடாது."

"அழ மாட்டேன்த்தா" என்றாளாம். அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள்.

போடி வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம். படிக்க முடியாது. அதனால் அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு தோட்டத்து வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை, போடியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். சனிக்கிழமை மதியம் நாங்கள் மேலே போய், டீ குடித்துவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். அதுதான் திட்டம். எலெக்ட்ரிக் கார் மலை ஏறுவதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மா மறுநாள் சாமானை எல்லாம் ஏறக்கட்டிக்கொண்டு சாவகாசமாக வருவதாக ஏற்பாடு.

கிளம்பும்போதே பேட்டரி பாதிதான் இருந்தது. "ராத்திரி சார்ஜ் போடலியா?" என்றேன்.

"மேலே ஸ்டோர்ல போட்டுக்குவோம். டீ குடிக்கிற நேரத்துல கொஞ்சம் ஏறாதா?" என்றான். டிக்கி முழுக்க உர மூட்டை. ஏசி முழு வேகத்தில். வண்டி ஏறியது பாருங்கள்... சத்தமே இல்லாமல், ஒரு திணறல் இல்லாமல், டூரிஸ்ட் வேன்களை எல்லாம் பின்னால் விட்டுவிட்டு! எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார்ஜ் மளமளவென்று இறங்கியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்தால் தோட்டத்தில் கரண்ட் இல்லை.

"உச்சைக்குப் போயதாணு சாரே" என்றார் ஸ்டோர் காவல்காரர் தங்கச்சன். மதியமே போய்விட்டதாம். காற்று அப்படி அடித்துக்கொண்டிருந்தது. இப்போது வரும், இப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தோம். வந்தது மழைதான். மழையோடு ஒரு மரம் ரோட்டின் குறுக்கே சாய்ந்தது. அத்தோடு அன்றைய பயணம் முடிந்தது.

விடிந்ததும் மரத்தை வெட்டி வழி விட்டுவிட்டார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை. காரில் மிச்சமிருந்த சார்ஜைப் பார்த்தேன். அது காட்டிய கிலோமீட்டருக்கும் போடிக்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது.

சிக்கந்தர் போடிக்குப் போன் போட்டான். வேலை நாள் என்றால் காலையில் ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் மலைக்கு வருவார்கள், ஏதாவது ஒன்றைத் திருப்பிக்கொண்டு போகலாம். அன்று ஞாயிறு. தெரிந்த டிரைவர்கள் எல்லோரும் டூரிஸ்ட் சவாரிக்குப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் கேட்டாராம்: "உங்க ஜீப்பு என்னண்ணே ஆச்சு?"

சிக்கந்தர் என்னைப் பார்த்தான். வைதிருந்தால்கூடத் தேவலை.

"ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிருவாங்க மாமா" என்றாள் ரிஸ்வானா. குரல் தணிந்துதான் இருந்தது. ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதம்மா. மேட்டு வரைக்கும் ஓட்டிட்டாப் போதும். அங்கிருந்து ஒரே இறக்கம். இறக்கத்துல சார்ஜ் தானா ஏறும்" என்றேன். எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னேன் தெரியுமா! உர மூட்டைகளை இறக்கினோம். ஏசியை அணைத்தோம். சிக்கந்தர் ஸ்டீயரிங்கில், அவளும் நானும் பின்னால். வழியில் அவளுடைய தடிமனான கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. பதற்றம் தெரியாமல் இருக்குமே என்றுதான்.

போடிமெட்டு வருவதற்கு முன்னால் ஒரு ஏற்றம். அங்கேதான் ஆமை வந்தது. பேட்டரி அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இனி மெதுவாகத்தான் போவேன் என்று கார் சொல்கிறது. அதைச் சொல்ல ஆமைப் படம் போட்டவன் யாரோ, நல்ல ரசிகன்தான். ஆனால் அந்த நேரத்தில் ரசிக்க முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முனகக்கூட இல்லை. நடந்து போகிறவர் எங்களைத் தாண்டிப் போனார்.

"அத்தா, எதாச்சும் டூரிஸ்ட் வண்டியை நிறுத்திக் கேப்போமா?" என்றாள் ரிஸ்வானா.

"எதுக்கு? இந்தா மேடு வந்துருச்சு. இனி எறக்கந்தானே. எறக்கத்தை என்கிட்ட விட்ரு" என்றான் சிக்கந்தர். அவன் குரலில் அப்போதுதான் பழைய தெம்பு வந்தது. முப்பது வருஷமாக இறங்குகிற மலையாயிற்றே!

இறங்க ஆரம்பித்தோம். கீழே பள்ளத்தாக்கில் போடி தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மாதிரி தெரியும், நம்பாதீர்கள். வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு மூச்சு வந்தது. கைடில் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் புத்தி என்னை அறியாமல் தொழிற்சாலை, உற்பத்தி, ஏற்றுமதி என்று வழக்கமான திசையில் போய்விட்டது.

"மாமா, குரூப் டூவுல இவ்வளவு கார் வராது" என்றாள். பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா... எறக்கத்துல சார்ஜ் ஏறும்னீங்களே? ஏறவே இல்லயே?" என்றாள்.

பார்த்தேன். ஏறவில்லை. ஆமை அப்படியே இருந்தது.

புத்தகத்தில் ஒன்று, ரோட்டில் ஒன்றா? விளம்பரத்தை நம்பி எழுதுகிறவன் நான். அந்த எழுத்தை நம்பிக் கார் வாங்குகிறவன் இவன். நடுவில் இந்தப் பெண்ணின் பரீட்சை! அப்போது மூக்கில் ஒரு வாடை வந்தது. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற வாடை. மலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அது என்னவென்று சொல்லவே வேண்டாம்.

"டேய், பிரேக்கு!"

"ஆமா மாப்ளே, பெடலு கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கு" என்றான்.

முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். கியர் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத கார் அது. ஒரு வட்டமான திருகுதான். அவனுடைய இடது கை அதன் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. திருகு எங்கே இருந்தது என்கிறீர்கள்?

நியூட்ரலில்!

"அடப்பாவி! எப்படா நியூட்ரல்ல போட்ட?"

"மேட்டுலேயே போட்டுட்டேன். சார்ஜு மிச்சமாகட்டும்னுதான்..."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஜீப்பாக இருந்தால் இன்ஜின் சத்தம் அடங்கியதுமே எனக்குத் தெரிந்திருக்கும். இந்த வண்டி ஓடினாலும் சத்தமில்லை, உருண்டாலும் சத்தமில்லை. நியூட்ரலில் மோட்டார் கரண்ட் பிடிக்காது; மலையே இலவசமாகக் கரண்ட் கொடுக்க, இவன் அதைப் பிரேக்கில் தேய்த்துக் கரியாக்கிக்கொண்டு வந்திருக்கிறான். நான் பின்சீட்டில் உட்கார்ந்து கார் உற்பத்தி பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வளைவில் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினோம். முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. பிரேக் ஆறாமல் நகர்வது தற்கொலை. ஆறும்வரை நிற்பதென்றால் மணி ஓடுகிறது. மூன்று பேரும் இறங்கி நின்றோம். குரங்குகள் எங்களைச் சுற்றி உட்கார்ந்து, தின்ன என்ன கொண்டுவந்திருக்கிறோம் என்று பார்த்தன.

சிக்கந்தர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளிறிவிட்டது. மகளிடம் பேசினான்.

"நான் வேணும்னு போடல தாயி. என் கை அதுவா போயிருச்சு. அல்லா மேல ஆணையா நான் நெனைக்கவே இல்ல. நீ இன்னிக்கு எழுத முடியாமப் போச்சுன்னா... நான்தான் கெடுத்தேன்னு ஆயிருமே."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். 'கெடைக்கலைன்னா கம்பம்' என்று சொன்னபோது அவன் நினைத்தது மகள் தோற்பதை. மகள் பரீட்சை எழுதவே முடியாமல், அதுவும் தன் கையால், என்பதை அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ரிஸ்வானா அழவில்லை. அப்பாவின் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"விடுங்கத்தா. இப்ப அழுதா இன்னும் லேட்டாகும். மாமா, நீங்க முன்னாடி உக்காருங்க. வண்டியை என்ன செய்யணும்னு அத்தாவுக்கு வெரசாச் சொல்லுங்க."

சொன்னேன். புகை நின்று, சக்கரம் ஆறியதும் ஏறினோம். திருகு டிரைவில். இறக்கத்தில் அதிகமாகக் கரண்ட் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன் உண்டு, அதையும் தட்டினேன். கால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்துப் பிடித்தது மாதிரி வண்டி தானாக நிதானத்துக்கு வந்தது. சிக்கந்தர் பதறினான்.

"என்ன மாப்ளே, பிரேக்கு தொடாமயே புடிக்குது!"

"அதுதான்டா வண்டி! அதைத்தான்டா உனக்கு அன்னிக்கு ஒரு மணி நேரம் சொன்னேன்!"

ஆனால் கை கேட்க வேண்டுமே? ஒவ்வொரு கொண்டை ஊசியைத் தாண்டியதும் அவனுடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டு நழுவி, நல்லபிள்ளை மாதிரி அந்தத் திருகை நோக்கி வந்தது. நான் அடித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் அடித்தேன். "தெரியாமப் போகுது மாப்ளே!" என்று கத்தினான். உண்மையாகவே தெரியாமல்தான் போனது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ரிஸ்வானா பின்னாலிருந்து குனிந்தாள். அந்தக் குரூப் டூ கைடை எடுத்து, தலையணை மாதிரித் திருகின் மேல் படுக்க வைத்தாள்.

"அத்தா, இதைத் தொடக்கூடாது. தொட்டீங்கன்னா என் படிப்பு மேல கை வைக்கிறீங்கன்னு அர்த்தம்."

அவ்வளவுதான்! கை வரும், கைடின் அட்டையில் படும், சுட்டது மாதிரி ஸ்டீயரிங்குக்கு ஓடிவிடும். அதன் பிறகு ஒரு தடவைகூட நான் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

சார்ஜ் ஏறியது ஐயா, ஏறியது! முதலில் ஒன்று. இரண்டு வளைவு தாண்டி இன்னொன்று. நான் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தேன், ஸ்கோர் சொல்கிறவன் மாதிரி. சிக்கந்தர் நம்பாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் திரும்பி நிமிர்ந்தபோது ரிஸ்வானாதான் முதலில் கவனித்தாள்.

"மாமா! ஆமை போயிருச்சு!"

போய்விட்டிருந்தது. சிக்கந்தர் "அல்ஹம்துலில்லா" என்றான். நான் முருகா என்றேன். எத்தனையோ கார் அறிமுக விழாக்களை ஸ்கிரீனில் பார்த்திருக்கிறேன்... திரையை விலக்குவார்கள், புகை விடுவார்கள், கைதட்டுவார்கள். ஒரு விளக்கு அணைந்ததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

முந்தல் வந்தது. சமதளம் வந்தது. சார்ஜ் போதும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போடி எல்லை வரும்வரை மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஊருக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கறிக்கடை வாசல் எல்லாம் டூவீலர். வாழ்க்கையில் ஹாரன் அடிக்காத சிக்கந்தர் அன்று அடித்த அடியில் ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, "என்னா பாய், அம்புட்டு அவசரச் சோலியா?" என்றார். "ஆமாண்ணே! பரீட்சை!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். அந்த ஆள் உடனே தன் டூவீலரை இழுத்து ஓரம் போட்டார். முன்னால் நின்ற இன்னொருவரையும் நகரச் சொன்னார். எங்கள் ஊர் அப்படி. பரீட்சை என்றால் வழி விட்டுவிடும்.

பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் கேட்டின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டு இன்னொரு பக்கத்தில் கை வைத்திருந்தார். வண்டி நிற்பதற்குள் ரிஸ்வானா இறங்கிவிட்டாள். ஓடினாள். "வாம்மா வா வா, இதுதான் கடைசி" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. உள்ளே போய்விட்டாள்.

கேட் சாத்தப்பட்டது. ஒரு கேட் சாத்துகிற சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யார் நினைத்தது? சாத்தும்போது ரிஸ்வானா உள்ளே இருந்தாள் அல்லவா, அதனால்.

இரண்டு பேரும் எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். சிக்கந்தர் டீயை ஆற்றிக் குடித்து முடித்தான். அப்புறம் மெதுவாக, "மாப்ளே, வண்டி நல்ல வண்டிதான்" என்றான்.

அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே... அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், நம் ஆட்கள் காரை மாற்றுவதற்கு ஒரு நாள் போதும். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கையை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. தொழிற்சாலைக்காரர்கள் என்னென்னவோ கண்டுபிடிக்கிறார்கள், டெஸ்ட் செய்கிறார்கள். போடிமெட்டு இறக்கத்தில் ஒரு போடிக்காரனின் இடது கை என்ன செய்யும் என்பதை மட்டும் எந்த லேப்பிலும் டெஸ்ட் செய்ய முடியாது.

பரீட்சை முடிந்து ரிஸ்வானா வெளியே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். சிக்கந்தர் எழுந்து ஓடினான். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. "பசிக்குதா தாயி?" என்றான்.

"பசிக்குதுத்தா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, கார் பத்தி ஒரு கேள்வி வந்துச்சு" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா! நான் கேட்டேன்ல?"

"ஆமா. நீங்க சொன்ன பதிலைத்தான் எழுதினேன். வெளியே வந்து எல்லார்கிட்டயும் கேட்டேன். தப்பாம்."

இதற்கு மேல் அந்தக் கேள்வியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. போன வாரம் சிக்கந்தருடன் மறுபடியும் மலைக்குப் போய்வந்தேன். முழு சார்ஜ். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல், சார்ஜ் ஏறுவதை எனக்கே அவன் பாடம் நடத்திக்கொண்டு வந்தான், ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி. நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் குரூப் டூ கைடு இன்னும் திருகின் மேலேயே கிடந்தது. கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் மட்டும் மரியாதையாகத் தூக்கிவிட்டு, மறுபடி அங்கேயே வைக்கிறான்.

"அதான் பரீட்சை முடிஞ்சு போச்சே, எடுத்துரலாம்ல?" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ளே. இது தப்பிப்போச்சுன்னா மறுபடி குரூப் டூ எழுதட்டும். கெடைச்சிருச்சுன்னா குரூப் ஒண்ணு எழுதட்டும். எப்படியும் புஸ்தகம் வேணும்ல?"

அப்புறம் கேட்டேன். "அப்ப கம்பத்துக்காரங்களுக்கு என்ன சொல்றது?"

சிக்கந்தர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது.

"உனக்குத் தெரியாததா? வெயிட்டிங் பீரியடுன்னு சொல்லு."